பிஎல் கதைகளைக் காதால் கேட்டு, தமிழில் பேசுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

காலை எட்டு மணிக்குத் திருமங்கலத்தில் பஸ் ஏறினால், பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்து சேர எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். சீன மொழியில் ஒரு வார்த்தை தெரியாமல், இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் ஒரு முழு ஒலி நாடகத்தையும் அந்த முக்கால் மணி நேரங்களில்தான் கேட்டு முடித்தேன். திருநகர் தாண்டும்போது அழுததும் உண்டு. பக்கத்து சீட்டு அம்மா "என்னத்தா, வீட்ல எதுவும் பிரச்சினையா?" என்று கேட்டதும் உண்டு.

அப்புறம் அதைப் பற்றிப் பேச ஆள் தேடினேன். ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் நிறைய இருந்தார்கள். தமிழில் பேச ஐந்து பேரைத் திரட்ட ஒரு வருஷம் ஆனது. இப்போது எங்கள் சிறு குழு உசிலம்பட்டி, மேலூர், செல்லூர் என்று பரவிக் கிடக்கிறது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதல் படி: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

பிஎல், அதாவது பாய்ஸ் லவ், ஆணும் ஆணும் காதலிக்கும் கதை. பெரும்பாலும் பெண்கள் எழுதி, பெண்கள் படித்து வளர்ந்த வகை. 1970களில் ஜப்பானில் சிறுமிகளுக்கான மாங்கா இதழ்களில் ஹாகியோ மோட்டோ, தகெமியா கெய்கோ போன்ற பெண் ஓவியர்கள் போட்ட விதை இது. சீனாவில் இதற்குத் 'தான்மேய்' என்று பெயர். அழகில் திளைப்பது என்று பொருள். தாய்லாந்தில் 'வாய்' தொடர் என்பார்கள். கொரியா, தைவான், பிலிப்பைன்ஸ் என்று இன்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ருசி இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் பார்த்துத் தீர்க்க வேண்டாம். காலேஜ் கதை பிடிக்குமென்றால் தாய்லாந்தின் 'சோட்டஸ்' (2016). ஒரு வாரத்தில் முடிய வேண்டுமென்றால் கொரியாவின் 'செமான்டிக் எரர்' (2022), எட்டே எபிசோடு. ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜப்பானின் 'செர்ரி மேஜிக்' (2020). தொட்டால் அடுத்தவர் மனசுக்குள் பேசுவது கேட்கும் என்ற கற்பனை. வெளிக்குரலும் உள்குரலும் எப்படி வேறாக ஒலிக்கின்றன என்று பழக இதைவிட நல்ல தொடர் எனக்குத் தெரியவில்லை.

வாள், வித்தை, ஆவி, பழிவாங்கல் எல்லாம் வேண்டுமா? 'தி அன்டேம்ட்' (2019). ஐம்பது எபிசோடு. முதல் இரண்டு எபிசோடில் ஒன்றும் புரியாது, பயப்படாதீர்கள். கதை பின்பாதியில் தொடங்கி, மூன்றாவது எபிசோடிலிருந்து பல வருஷம் பின்னால் போகும். முதல் இரண்டிலேயே விட்டுவிட்டு "பேர் எல்லாம் ஒரே மாதிரி இருக்குக்கா" என்று ஓடியவர்களை நாலாவது எபிசோடு வரைக்கும் இழுத்து வந்தால் போதும். அதற்கப்புறம் அவர்களே நம்மை இழுப்பார்கள்.

இரண்டாம் படி: நேர் வழியில் வாங்குங்கள், பாருங்கள்

தாய்லாந்தின் ஜிஎம்எம்டிவி தன் தொடர்கள் பலவற்றை யூடியூபில் தானே போடுகிறது. ஒரு எபிசோடை நாலு துண்டாக, ஆங்கில சப்டைட்டிலோடு. சீனத் தொடர்களுக்கு வீடிவியின் யூடியூப் பக்கம் இருக்கிறது; அதன் செயலி 2020 நவம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. நாவலென்றால், சீன எழுத்தாளர் மோ ஷியாங் தோங் ஷியு எழுதிய மூன்று நாவல்களையும் செவன் சீஸ் பதிப்பகம் 2021 டிசம்பரிலிருந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. 'தி அன்டேம்ட்' தொடருக்கு மூலமான 'மோ தாவ் ட்சு ஷி' ஐந்து தொகுதி. ஐந்தையும் ஒரே ஆள் வாங்க வேண்டியதில்லை. நாங்கள் ஆளுக்கு ஒரு தொகுதி வாங்கிச் சுற்றில் விட்டோம்.

இதில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். ஆரம்பத்தில், ரசிகை ஒருவர் சொந்த உழைப்பில் மொழிபெயர்த்துப் போட்டிருந்த அத்தியாயங்களை அவரைக் கேட்காமலே ஒரே கோப்பாக்கி இரண்டு குழுக்களில் அனுப்பினேன். பகிர வேண்டாம் என்று அவர் பக்கத்தின் மேலேயே எழுதியிருந்தார். கோப்பு கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போனது. கொஞ்ச நாளில் அவர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் போய்விட்டார். என்னால்தானா என்று எனக்குத் தெரியாது, ஆனால் நானும் ஒரு காரணம். ஒருத்தர் ராத்திரி கண் விழித்துச் செய்ததை எடுக்கும்போது, அவர் சொன்ன நிபந்தனையையும் சேர்த்தே எடுக்க வேண்டும். எங்கள் குழுவில் இன்றுவரைக்கும் சுட்டி மட்டும்தான் பகிர்வோம், கோப்பு அனுப்ப மாட்டோம்.

மூன்றாம் படி: கேளுங்கள்

இந்த வழிகாட்டியை நான் எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான்.

தொடர் பார்க்கிறவர்கள் நிறைய. நாவல் படிக்கிறவர்கள் கொஞ்சம். ஒலி நாடகம் கேட்கிறவர்கள் மிகவும் குறைவு. "பாஷை தெரியாம எப்படிக்கா கேக்கிறது?" என்பார்கள். ஆனால் குரலை மட்டும் கேட்டு அழுவது நம் ஊருக்குப் புதுசே இல்லை. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தது எங்கள் அம்மா தலைமுறை. ஊர்ப் பொங்கலுக்குக் குழாய் கட்டினால் விடிய விடியப் படத்தின் கதை வசனம் ஓடும். படமே பார்க்காதவர்களுக்கும் வசனம் மனப்பாடம். அந்தக் காதுதான் இதற்கும் வேண்டும்.

ஜப்பானில் இவை டிராமா சிடியாக வந்தவை. கடைசியில் குரல் நடிகர்கள் சும்மா உட்கார்ந்து அரட்டை அடிக்கும் பகுதியும் பல சிடிக்களில் இருக்கும். சீனாவில் மாவோர் எஃப்எம் என்ற செயலி பெரிய களம். 'மோ தாவ் ட்சு ஷி' ஒலி நாடகம் அங்கேதான் 2018இல் தொடங்கி மூன்று பருவம் வந்தது. கதையின் காதல் ஜோடியில் வெய் உஷியானுக்கு லு ஜிஷிங், லான் வாங்ஜிக்கு வெய் சாவ் குரல் கொடுத்திருக்கிறார்கள். குரல் நடிகர்களை ரசிகர்கள் 'சிவி' என்பார்கள். பட்டியலில் சிவி பெயரை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். கதையைச் சுருக்கி வசனமாக்கியவர், இயக்கியவர், ஒலி சேர்த்தவர் பெயரும் அங்கே இருக்கும். மழை எந்தக் காதில் பெய்கிறது, கதவு எவ்வளவு தூரத்தில் சாத்துகிறது என்பதெல்லாம் அந்த ஒலி சேர்த்தவரின் கைவேலை.

நாங்கள் கேட்கும் முறை இது:

முதலில் அந்த அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். கதை தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். வள்ளி திருமணம் நாடகத்துக்குக் கதை தெரியாமலா ஊர் மொத்தமும் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறது?

அப்புறம் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டி, எழுத்து எதையும் பார்க்காமல் ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். ஒற்றைக் காதில் கேட்டால் பாதி நாடகம் போச்சு. ஆளை இடப்பக்கம் வலப்பக்கம் என்று நிறுத்தித்தான் ஒலி சேர்க்கிறார்கள். ஜப்பானிய சிடிக்கள் சிலவற்றில் மனிதத் தலை வடிவ மைக் வைத்துப் பதிவு செய்வார்கள், பேசுகிறவர் உங்கள் தோளுக்குப் பின்னாலேயே நிற்பது போலிருக்கும். உங்களை நிமிர வைத்த இடம் வரும்போது நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 12:40, 19:05 என்று. ஏன் என்று எழுத வேண்டாம்.

மூன்றாவதாக, வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குறித்த இடங்களை மட்டும் திரும்பக் கேளுங்கள்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் சறுக்கும் ஒரு இடம் இருக்கிறது. சீனம் தொனி மொழி, குரல் ஏறி இறங்குவதை வைத்தே சொல்லின் பொருள் மாறும். மாண்டரினில் நாலு தொனி, தாய் மொழியில் ஐந்து. குரல் சட்டென்று கீழே விழுந்தால் நம் காதுக்குக் கோபம் போலப் படும். அங்கே அது அந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டலே. ஆகவே ஏற்ற இறக்கத்தை வைத்து உணர்ச்சியை எடை போடாதீர்கள். மூச்சைக் கேளுங்கள். ஒரு சொல்லுக்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா இருந்தார், கடைசி எழுத்தை இழுத்தாரா, விழுங்கினாரா, உதடு ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். உணர்ச்சி அங்கேதான் இருக்கும்.

ஒரு உதாரணம். லான் வாங்ஜி அதிகம் பேச மாட்டான். அவன் வெய் உஷியானை 'வெய் இங்' என்று கூப்பிடுவான். 'வெய்' மேலிருந்து கீழே விழும் தொனி. 'இங்' உயரத்தில் அப்படியே நீளும் தொனி. பதிலுக்கு வெய் உஷியான் அவனை 'லான் ஜான்' என்பான். 'லான்' ஏறும், 'ஜான்' இறங்கும். ஒரு அழைப்பு விழுந்து நிற்கிறது, இன்னொரு அழைப்பு ஏறி விழுகிறது. உசிலம்பட்டித் தங்கச்சி முதல் தடவை கேட்டுவிட்டுக் குரல் செய்தி போட்டாள்: "என்னக்கா இது, இவய்ங்க ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசல, பேரை மட்டும் சொல்லிக்கிட்டு இருக்காய்ங்க. எனக்கு ஏன் நெஞ்சடைக்குது?"

நான்காம் படி: யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

அவள் கேட்டதற்கான விடை பெயரில் இருக்கிறது. பழைய சீன வழக்கத்தில் பிறந்தபோது வைத்த பெயர் வேறு, பெரியவனான பிறகு ஊர் மரியாதையாக அழைக்கும் பெயர் வேறு. உஷியான், வாங்ஜி இரண்டும் மரியாதைப் பெயர்கள். இங், ஜான் இரண்டும் பிறப்புப் பெயர்கள். வீட்டு மனுஷர்கள், ரொம்ப நெருங்கியவர்கள் மட்டும் சொல்லலாம். மற்றவர்கள் சொன்னால் அவமரியாதை. ஊரே ஒருவனைத் தூற்றும்போது, விறைப்பாக நிற்கும் இன்னொருவன் அவனைப் பிறப்புப் பெயர் சொல்லி அழைக்கிறான். மொத்தக் காதலும் அதில் வந்துவிட்டது.

நாங்கள் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது செல்லூர்க்காரி சொன்னது எல்லா விளக்கத்தையும் விட நன்றாக இருந்தது. "எங்க அப்பத்தா தாத்தா பேரைச் சொன்னதே கிடையாதுக்கா. ரேஷன் கடையில கேட்டாக்கூட என்னையத்தான் சொல்லச் சொல்லும். தாத்தா செத்தன்னைக்கு மட்டும் ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு." அதற்கு மேல் அன்றைக்கு யாரும் எதுவும் எழுதவில்லை.

ஆங்கில சப்டைட்டிலில் எல்லோரும் 'யூ'தான். நம் மொழியில் நீ இருக்கிறது, நீங்க இருக்கிறது, டா இருக்கிறது, ங்க இருக்கிறது. தாய் மொழியில் ஆண்கள் மரியாதைக்கு வாக்கிய முடிவில் 'க்ராப்' சேர்ப்பார்கள். ஏறக்குறைய நம் 'ங்க'. நெருங்கிய பையன்கள் 'கூ', 'முங்' என்று கரடுமுரடாகப் பேசிக்கொள்வார்கள். அது நம் வாடா போடா. அந்த இடம் மாறும்போது உறவும் மாறுகிறது. ஆங்கிலம் வழியாகவே பார்த்துவிட்டு ஆங்கிலத்திலேயே பேசி முடித்தால் இதெல்லாம் கைநழுவிவிடும். ஆகவே உங்கள் குறிப்பில் கட்டாயம் ஒரு வரி இதற்கு ஒதுக்குங்கள்: "இந்த இடத்தில் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்கிவிட்டான்." இந்த ஒரு வரியிலிருந்து ஒரு ராத்திரி பேசலாம்.

சிக்கலும் இங்கேதான் வரும். தாய் மொழியில் மூத்தவரை 'பீ' என்பார்கள், ஆணோ பெண்ணோ. காதலித்த பிறகும் அது 'பீ'தான். கொரியாவில் 'ஹ்யங்'. சீனத்தில் 'கெகெ'. மூன்றையும் ஓர் ஆணைப் பார்த்துச் சொன்னால் தமிழில் 'அண்ணன்' என்றுதான் வரும். அதை அப்படியே போட்டு "அண்ணே, உங்கள எனக்குப் பிடிச்சிருக்குண்ணே" என்று ஒரு காதல் காட்சியை எழுதிப் பாருங்கள். மதுரையில் யாரும் அதைக் காதலாகப் படிக்க மாட்டார்கள். எங்கள் குழுவில் சிலர் 'மச்சான்' போடலாம் என்கிறார்கள். நண்பனையும் மச்சான் என்கிறோம், கட்டிக்கப் போகிறவனையும் மச்சான் என்கிறோம், அந்த இரட்டை அர்த்தம் பொருந்துகிறது என்பது அவர்கள் கட்சி. காலேஜ் கதைக்கு நானும் ஒத்துக்கொள்வேன். வாளும் அங்கியுமாக வருகிறவன் வாயில் 'மச்சான்' எனக்கு ஒட்டவில்லை. என் யோசனை: பீ, ஹ்யங், கெகெ மூன்றையும் அப்படியே விடுங்கள், நாலு நாளில் காதுக்குப் பழகிவிடும். சீனியர் மிரட்டும் ஆரம்ப எபிசோடுகளுக்கு மட்டும் 'ண்ணே' அச்சாகப் பொருந்தும்.

சீனியர் என்றதும் ஒன்று. 'சோட்டஸ்' கதை முழுக்க முதலாம் ஆண்டு மாணவர்களை சீனியர்கள் வதைக்கும் வழக்கத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. 1997இலேயே ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. ஏன் கொண்டுவர வேண்டி வந்தது என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஜோடி அழகாக இருக்கிறது என்பதற்காக அதை ரொமான்ஸாக விழுங்க வேண்டியதில்லை. பிடித்த தொடரை விமர்சித்தால் அது ரசிகத்தன்மைக்குத் துரோகம் ஆகிவிடாது.

ஐந்தாம் படி: எது ஏன் சொல்லப்படவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாவலில் காதலர்கள், 'தி அன்டேம்ட்' தொடரில் மட்டும் ஏன் 'நண்பர்கள்'? இது வாராவாரம் வரும் கேள்வி. சீனாவில் 2016இல் 'அடிக்டெட்' என்ற தொடரைப் பாதியிலேயே இணையத்திலிருந்து இறக்கினார்கள். அதன் பிறகு வந்த தழுவல்கள் காதலை வாய்விட்டுச் சொல்லாமல் எடுக்கப்பட்டன. 2020 பிப்ரவரி கடைசியில் ஏஓ3 என்ற ரசிகர் கதைக் களஞ்சியம் சீனாவில் முடக்கப்பட்டது. 2021 செப்டம்பருக்குப் பிறகு தான்மேய் நாவல்களைத் தொடராக எடுப்பதே நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது.

அந்தத் தொடர்களில் காதலின் இடத்தில் 'ஜிஜி' என்ற சொல் வரும். 'என்னை அறிந்தவன்' என்று பொருள். சப்டைட்டிலில் 'சோல்மேட்' என்று ஓடும். நமக்கு அதைவிட நல்ல கைப்பிடி இருக்கிறது. நம் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சோழன் வடக்கிருந்தபோது "அவன் வருவான், இடம் விட்டு வையுங்கள்" என்றான். வந்தார், கூடவே உயிர் விட்டார். அவர்களைக் காதலர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஆளுக்கு 'ஜிஜி' என்ற சொல்லின் கனத்தை யாரும் தனியாக விளக்க வேண்டாம் என்கிறேன்.

ஆறாம் படி: குழு அமையுங்கள், முதலில் பாதுகாப்பு

ஐந்திலிருந்து பத்துப் பேர் போதும். பதினெட்டு வயது நிரம்பியவர்கள் மட்டும். இதில் இரக்கம் பார்க்க வேண்டாம், கதைகளில் பல வயது வந்தோருக்கானவை.

சொந்தப் பெயர் வேண்டாம். எங்கள் குழுவில் எல்லோருக்கும் பூப்பெயர். எண் தெரியாமல் பேச வழி இருக்கும் செயலியைப் பாருங்கள். குழுப் படமும் குழுப் பெயரும் சாதாரணமாக இருக்கட்டும், அறிவிப்பில் செய்தி தெரியாதபடி அமைத்துக்கொள்ளுங்கள். எங்களில் ஒருத்தியின் போனை வீட்டில் அண்ணன் எடுத்துப் பார்த்து, படிப்பையே நிறுத்துகிற அளவுக்குப் போனது. அவள் எழுதியது ஒரு குரல் நடிகரின் மூச்சைப் பற்றி நாலு வரி, அவ்வளவுதான். இரண்டு மாதம் அவள் எங்களோடு பேசவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்பியவர் யாராக இருந்தாலும் அன்றே வெளியேற்றம் என்று அதற்குப் பிறகுதான் விதி போட்டோம்.

கதையில் வருகிறவர்களை ஜோடி சேருங்கள், திட்டுங்கள், அழுங்கள். நடிகர்களையும் சிவிக்களையும் நிஜத்தில் ஜோடி சேர்த்து அவர்கள் பக்கத்திலேயே போய்க் கேட்பது வேண்டாம். அதே கட்டுப்பாடு உள்ளுக்குள்ளும் உண்டு. குழுவில் ஒரு பையன் சேர்ந்தால் "நீ அப்படியா?" என்று கேட்காதீர்கள். சொல்ல வேண்டும் என்றால் அவரே சொல்வார், சொல்லாமலும் இருப்பார்.

இந்தக் கதைகள் ஒரு கற்பனை வகை; தன்பாலீர்ப்புள்ளவர்கள் நம் தெருவில் வாழும் நிஜ மனிதர்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்த சட்டப்பிரிவு 377இன் பிடியிலிருந்து அவர்கள் விடுபட்டது 2018 செப்டம்பர் 6 அன்று. ஒரு திருநங்கை இந்து திருமணச் சட்டப்படி மணமகளே என்று 2019இல் சொன்னது நம் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம். குழுவில் கேலிச் சொல் ஏதாவது வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் (ஆங்கிலத்தில் க்வியர்) என்று மரியாதையான சொற்கள் தமிழில் புழக்கத்துக்கு வந்துவிட்டன, அவற்றைப் பயன்படுத்துங்கள். எங்கள் குழுவில் இருக்கும் ஒருவர், "கதையில கடைசியில சேர்ந்துர்றாய்ங்க, அதுக்காகத்தான் படிக்கிறேன்" என்று ஒருமுறை எழுதினார். அவர் படிப்பதும் நான் படிப்பதும் ஒரே புத்தகம்தான், ஆனால் அவர் கையில் அது கனம் கூடியது.

ஏழாம் படி: ராத்திரியில் முதல் கூட்டம்

ஒரு முழு எபிசோடை எடுக்காதீர்கள். நாற்பது வினாடி போதும். ஒருவர் தேர்ந்தெடுத்து, எந்த எபிசோடு, எந்த நிமிஷம் என்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும். கதை முடிவு தெரியாதவர்கள் இருந்தால், எதுவரை பேசலாம் என்பதையும் அத்தோடு சொல்லிவிடுங்கள்.

இரவு ஒன்பதரைக்கு, சாப்பாட்டுக் கடை ஒதுங்கிய பிறகு, ஆளாளுக்கு மூன்று தடவை கேட்கட்டும். அப்புறம் ஒவ்வொருவரும் அந்த வசனத்தைத் தன் வீட்டுத் தமிழில் ஒரே ஒரு வரியாக எழுத வேண்டும். மேலூர்த் தமிழ் மேலூர்த் தமிழாகவே இருக்கட்டும். "சூப்பர்", "செம", "அழுதுட்டேன்" மட்டும் எழுதினால் செல்லாது. எந்த இடத்தில், எதைக் கேட்டு என்று சேர்க்க வேண்டும். முடிந்தால் அதே காட்சியை அனிமேஷனிலும் கேளுங்கள். 'மோ தாவ் ட்சு ஷி' அனிமேஷனில் லான் வாங்ஜிக்கு பியன் ஜியாங் குரல். ஒரே சொல்லை இரண்டு பேர் எப்படி வைக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதிப் பேச்சு தானாக வரும்.

எங்கள் முதல் கூட்டத்துக்கு எடுத்தது 'வெய் இங்' என்று லான் வாங்ஜி ஒரு தடவை கூப்பிடும் இடம். தமிழில் எழுதச் சொன்னோம். ஒருத்தி 'வெய் இங்' என்றே விட்டாள். ஒருத்தி "டேய்..." என்று மூன்று புள்ளி வைத்தாள். உசிலம்பட்டித் தங்கச்சி பதினொரு மணிவரை ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் எழுத்துக்குப் பதிலாக ஒரு குரல் செய்தி வந்தது. நாலு வினாடி. ஒரு மூச்சு, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு மெதுவாக, "வந்துட்டியா?"